குடிபுகும் முன்பே எரிந்துபோனது எவ்வளவு?

ஒரு சுட்ட செங்கல்லுக்கு 4.25 மெகாஜூல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் பி.வி. வெங்கடராம ரெட்டியும் கே.எஸ். ஜெகதீஷும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் வரும் எண் இது. சூளையில் அந்த ஒரு கல்லைச் சுட எரித்த விறகும் நிலக்கரியும்தான் இந்த எண்ணாக மாறியிருக்கின்றன. மெகாஜூல் நம் வீட்டில் புழங்கும் சொல் இல்லை என்பதால் அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன். 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 650 மெகாஜூல் இருக்கிறது. அதாவது, ஒரு சிலிண்டர் தீர்ந்தால் சுமார் 150 செங்கல். 20,000 செங்கல் இறக்கிக் கட்டும் ஒரு வீட்டுக்கு 130 சிலிண்டர். ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் செலவாகும் குடும்பம் பதினாறு ஆண்டு சமைக்கும் எரிபொருள், பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே, சுவருக்காக மட்டும் எரிந்துவிடுகிறது. சிமென்ட்டும் கம்பியும் இன்னும் கணக்குக்கு வரவில்லை.

கட்டடத்தின் கார்பனை இரண்டு பேரேடுகளில் எழுத வேண்டும். பொருள்களைச் செய்வதற்கும் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் கட்டுவதற்கும் ஆகும் செலவு முதல் பேரேடு. ஆய்வாளர்கள் இதை உள்ளுறை ஆற்றல், உள்ளுறை கார்பன் என்கிறார்கள். குடிபுகுந்த பிறகு விளக்கு, மின்விசிறி, ஏசி, தண்ணீர் மோட்டார் என்று ஆண்டுதோறும் ஆகும் செலவு இரண்டாவது. மின்கட்டண ரசீது மாதாமாதம் கைக்கு வருவதால் இரண்டாவதைப் பற்றி நாம் பேசுகிறோம். முதலாவதற்கு ரசீது கிடையாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் இந்தத் துறையில் செய்த பெரிய வேலை, அந்த ரசீதை எழுதிக் காட்டியதுதான்.

அதே ஆய்வில் இருக்கும் மற்ற எண்களையும் பாருங்கள். சிமென்ட் கிலோவுக்கு 5.85 மெகாஜூல், இரும்பு 42, அலுமினியம் 236.8. செங்கல்லை அளவுகோலாக வைத்தால், ஒரு மூட்டை சிமென்ட் ஏறத்தாழ 69 செங்கல்லுக்குச் சமம். ஒரு கிலோ கம்பி பத்துச் செங்கல். அழகுக்காகப் போடும் அலுமினிய ஜன்னல் சட்டத்தில் ஒவ்வொரு கிலோவும் 55 செங்கல்லுக்கு மேல். ஆலைகள் அதன் பிறகு மேம்பட்டிருக்கின்றன, எண்கள் சற்றுக் குறைந்திருக்கும். ஆனாலும் எது கனமான சுமை, எது லேசானது என்ற வரிசை மாறவில்லை.

இந்தக் கணக்கு பிறந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1974-இல் அமுல்ய ரெட்டி என்ற மின்வேதியியல் பேராசிரியர், இந்திய அறிவியல் கழகத்துக்குள்ளேயே ‘அஸ்த்ரா’ என்ற சிறு பிரிவைத் தொடங்கினார். கிராமங்களுக்கு அறிவியலைக் கொண்டுசெல்வது அதன் நோக்கம். நாட்டின் தலைசிறந்த ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு விறகடுப்பையும் மண்சுவரையும் ஆராய்வது அந்தக் காலத்தில் எளிதாக மதிக்கப்படும் வேலையாக இருந்திருக்காது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் உங்ரா என்ற கிராமத்தில் அவர்கள் ஒரு விரிவாக்க மையத்தையும் அமைத்தார்கள். மண் எங்கே இருக்கிறதோ அங்கேயே ஆய்வு. இன்று அந்தப் பிரிவு நிலைத்த தொழில்நுட்பங்களுக்கான மையமாக வளர்ந்திருக்கிறது.

அங்கே உருவானவற்றுள் முக்கியமானது, சிமென்ட் கலந்து அழுத்திய மண் கல். சலித்த மண்ணில் ஆறு முதல் எட்டு விழுக்காடு சிமென்ட் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் கல்லாக்கி, ஈரவைக்கோல் மூடி மூன்று நான்கு வாரம் நீராற்றினால் கல் தயார். சூளையே இல்லை. நெருப்பு செய்த வேலையை இங்கே அழுத்தமும் கொஞ்சம் சிமென்ட்டும் செய்கின்றன. இப்படிக் கட்டிய சுவரின் உள்ளுறை ஆற்றல், அதே கன அளவு செங்கல் சுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

‘மண் வீடா, மழைக்குத் தாங்குமா?’ என்ற கேள்வி உடனே வரும். ஆய்வுக்கூடத்தின் உண்மையான உழைப்பு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. எல்லா மண்ணும் இதற்கு ஆகாது. களிமண் பங்கு மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும், நனைந்தால் ஊதும். மிகக் குறைந்தால் இயந்திரத்திலிருந்து எடுக்கும்போதே உதிரும். நூற்றுக்குப் பதினைந்து பங்கை ஒட்டிக் களிமண் இருந்தால் சிமென்ட் நன்றாகப் பிடிக்கிறது. செம்மண்ணுக்குச் சிமென்ட் ஒத்துப்போகும், கரிசலுக்கு ஒத்துப்போகாது. கரிசல் மண்ணின் களிமம் தண்ணீரைக் குடித்து விரிகிற வகை. அதற்குச் சுண்ணாம்பு வேண்டும், அல்லது மணல் கலந்து களிமண் பங்கைக் குறைக்க வேண்டும். கோவில்பட்டிக் கரிசலில் பெங்களூருச் செம்மண்ணின் செய்முறையை அப்படியே எடுத்துச் செய்தவர் கல் வெடித்ததும் ‘மண் கல் உதவாது’ என்றுதான் சொல்வார். பிழை கல்லில் இல்லை. மண்ணை அறியாமல் கட்டியதில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1725 இந்த வகைக் கற்களுக்காகவே இருக்கிறது; 1982-இலும் 2013-இலும் அது திருத்தப்பட்டது. அரசு ஏற்றுக்கொண்ட பொருள் இது என்பதே நம் பொறியாளர்கள் பலருக்குச் சொல்லப்படாத செய்தி.

அந்த 2003 ஆய்வு முழுக் கட்டடங்களையும் ஒப்பிட்டது. கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் கொண்ட பல மாடிக் கட்டடம்: சதுர மீட்டருக்கு 4.21 கிகாஜூல். சுவரே பாரம் தாங்கும் வழக்கமான இரண்டு மாடிச் செங்கல் வீடு: 2.92. மண் கல் சுவரும், அதே மண் கல்லை இடையிட்டு வார்த்த தளமும் கொண்ட இரண்டு மாடி வீடு: 1.61. கடைசி இரண்டையும் 1,000 சதுர அடிக்குப் பெருக்கிப் பார்த்தேன். வித்தியாசம் 185 சிலிண்டருக்கு மேல்.

இதில் என்னை நிறுத்தியது மண் கல்லைவிட, தூண்கள்தான். தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரிலும் இன்று ஒரு மாடி வீட்டுக்குக்கூடப் பில்லர் எழுப்பி, பீம் போட்டு, பிறகு இடைவெளியைச் செங்கல்லால் அடைக்கிறார்கள். தூணும் விட்டமும் பாரத்தைத் தாங்கும்போது ஒன்பது அங்குலச் சுவர் வெறும் திரையாக நிற்கிறது. சுவர் தாங்கக்கூடிய பாரத்துக்குக் கம்பியும் சிமென்ட்டும் வாங்கிவிட்டு, சுவருக்கும் தனியாகச் செலவு செய்கிறோம். இரண்டு மாடிவரை, அறைகள் அளவாக இருந்தால், ஜன்னல் மட்டத்திலும் லிண்டல் மட்டத்திலும் கான்கிரீட் பட்டி ஓட்டி நிலநடுக்கத்துக்கும் பாதுகாப்புச் செய்தால், பாரந்தாங்கு சுவர் போதும். நம் தாத்தாக்களின் வீடுகள் அப்படித்தான் நின்றன. அந்த முறையை வடிவமைக்கத் தெரிந்த இளம் பொறியாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று கடினம், ஏனென்றால் கல்லூரியில் அவருடைய நேரமெல்லாம் தூண், விட்டம், தளம் வடிவமைப்பதிலேயே போயிருக்கிறது.

தளத்தில் இடையிட்டு வார்ப்பது என்று மேலே சொன்னதையும் விளக்கிவிடுகிறேன். கான்கிரீட் தளம் வளையும்போது மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும்; இழுப்பைத் தாங்குவது கம்பி மட்டுமே. கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டின் வேலை பெரும்பாலும் கம்பியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வதுதான். அப்படியானால் கம்பிகளுக்கு இடையே இருக்கும் கான்கிரீட்டை எடுத்துவிட்டு ஓடுகளையோ மண் கற்களையோ வைத்தால் என்ன? கேரளத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் மங்களூர் ஓடுகளை வைத்து இதைத்தான் செய்து காட்டினார். முதலாண்டு பொறியியல் படித்த எந்த மாணவரும் இதன் நியாயத்தைப் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

சிமென்ட்டை முற்றிலும் விட்டுவிட முடியாது. மருத்துவமனையும் பாலமும் பத்து மாடிக் குடியிருப்பும் வேண்டும். சீனாவுக்கு அடுத்து உலகில் அதிகச் சிமென்ட் செய்யும் நாடு இந்தியா. உலகக் கரியமில வாயு உமிழ்வில் சிமென்ட்டின் பங்கு மட்டும் ஏழெட்டு விழுக்காடு. இந்த உமிழ்வைக் குறைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கான காரணம் சுண்ணாம்புக்கல்லின் வேதியியலிலேயே இருக்கிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். நம் ஊர்க் காளவாயில் நடப்பதும் இதுவே. சிமென்ட் ஆலை தன் சூளையைச் சூரிய ஒளியிலேயே இயக்கினாலும் கல்லுக்குள்ளிருந்து வரும் இந்த வாயு வந்தே தீரும். உமிழ்வில் பாதிக்கு மேல் இந்த வகைதான். மிச்சம், கிளிங்கரை, அதாவது அரைத்தால் சிமென்ட்டாகும் சூளைக் கட்டிகளை, 1,450 டிகிரிவரை சூடாக்க எரிக்கும் எரிபொருள்.

ஆகவே, கிளிங்கரைக் குறைப்பது ஒன்றே பெரிய வழி. அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பு உலைக் கசடையும் கலப்பது பழைய உத்தி. ஆனால், நிலக்கரியை விட்டு விலகும் உலகில் சாம்பலை நம்பி எத்தனை காலம் போக முடியும்? சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காரென் ஸ்க்ரிவெனர், கியூபாவின் சாந்தா கிளாரா நகரிலுள்ள லாஸ் வில்லாஸ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ மார்ட்டிரேனா, இந்தியாவில் தில்லி, சென்னை, மும்பை ஐஐடிகள் ஆகியோர் சேர்ந்து வளர்த்த விடை, எல்சி3 என்ற சிமென்ட். பாதி கிளிங்கர், சுமார் முப்பது விழுக்காடு சுட்ட களிமண், பதினைந்து விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். களிமண்ணைச் சுட 700 முதல் 850 டிகிரி போதும்; சுடும்போது அதிலிருந்து வெளியேறுவது நீராவி. பீங்கான் செய்ய உதவாதென்று சுரங்கங்களில் ஒதுக்கித் தள்ளும் தரம் குறைந்த வெண்களிமண்ணே இதற்கு ஏற்றது. அதில் கயோலின் என்ற கனிமம் நாற்பது விழுக்காடு இருந்தால் போதும்.

பாதி கிளிங்கரை எடுத்த பிறகும் எப்படி வலுவாக நிற்கிறது? சுட்ட களிமண்ணில் இருக்கும் சிலிக்காவும் அலுமினாவும், சிமென்ட் நீருடன் வினைபுரியும்போது மிஞ்சும் சுண்ணாம்போடு சேர்ந்து புதிய பசையை உண்டாக்குகின்றன. அலுமினாவின் ஒரு பகுதி சுண்ணாம்புக்கல் தூளுடன் சேர்ந்து வேறொரு படிகமாகி நுண்துளைகளை அடைக்கிறது. இரண்டு மலிவான பொருள்கள் தனித்தனியே செய்ய முடியாததைச் சேர்ந்து செய்கின்றன. உமிழ்வு சாதாரணச் சிமென்ட்டைவிட 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. ஏழு நாளிலேயே வலிமை ஏறத்தாழ எட்டிப்பிடிக்கிறது. கசக்கித் தூளாக்கிய செங்கல்லைச் சுண்ணாம்பில் கலந்து சுர்க்கிக் காரை செய்தார்களே நம் முன்னோர், அவர்கள் கண்டதும் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்பும் கைகோர்ப்பதைத்தான். சென்னைத் தளங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கில் தட்டிய பழைய ஒட்டுத் தளங்கள் இன்னும் பல இடங்களில் ஒழுகாமல் இருக்கின்றன.

சென்னை ஐஐடியில் மனு சந்தானம், ரவீந்திர கெட்டு ஆகியோரின் குழு இந்தச் சிமென்ட்டின் நீடித்த உழைப்பைத்தான் ஆழமாக ஆராய்ந்தது. கடலோர ஊரில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே கம்பிவரை போய்ச் சேர்ந்ததும் கம்பி துருப்பிடித்து ஊதி, கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. நுண்துளைகள் அடைபட்ட எல்சி3 கான்கிரீட்டில் குளோரைடு மிக மெதுவாகத்தான் நுழைகிறது. முப்பது ஆண்டில் இடித்துக் கட்ட வேண்டிய வீடு அறுபது ஆண்டு நின்றால் அதுவே பாதி கார்பன் மிச்சம். குறைகளும் உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் புகுந்து அதன் காரத்தன்மையைக் கெடுக்கும் வேகம் இதில் சற்று அதிகம்; கலவைக்கு நீர் கூடுதலாகக் கேட்கும்; நீராற்றுவதில் அலட்சியம் கூடாது. கொலம்பியாவில் 2020-இலேயே ஓர் ஆலை சுட்ட களிமண் சிமென்ட்டைப் பெருமளவில் செய்யத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் இந்த வகைச் சிமென்ட்டுக்கான தர நிர்ணயம் ஐஎஸ் 18189 வந்தது 2023-இல். ஆய்வுக்கூடத்தில் விடை தெரிந்த பிறகும் கடையில் மூட்டை கேட்டால் கிடைக்க இவ்வளவு காலம் ஆகிறது.

அதே சென்னை ஐஐடி வளாகத்தில் 2013-இல் எழுந்த இரண்டு மாடி மாதிரிக் கட்டடத்தையும் சொல்லிவிட வேண்டும். தேவதாஸ் மேனன், மெஹர் பிரசாத் ஆகிய பேராசிரியர்களின் குழு, கண்ணாடியிழை கலந்த ஜிப்சம் பலகைகளால் நான்கு குடியிருப்புகளை ஒரே மாதத்தில் எழுப்பியது. உரத் தொழிற்சாலையில் ஒரு டன் பாஸ்பாரிக் அமிலம் செய்தால் ஏறக்குறைய ஐந்து டன் ஜிப்சம் கழிவாக மிஞ்சும். மலை மலையாகக் குவிந்து கிடக்கும் அந்தக் கழிவுதான் பலகைக்கு மூலப்பொருள். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே வெற்றறைகள். தேவையான அறைகளில் மட்டும் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பினால் அதுவே பாரந்தாங்கு சுவர். திருப்பதி ஐஐடியின் கட்டடங்களுக்கும் இந்த முறை போனது. ஆனால், பலகை செய்யும் ஆலை தொலைவில் இருந்தால் லாரிச் செலவு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எந்தக் குறைகார்பன் பொருளுக்கும் இந்த எல்லை உண்டு. அருகில் கிடைப்பதே பாதி வெற்றி.

இனி இரண்டாவது பேரேடு. நம் ஊரில் கட்டடம் வாழ்நாள் முழுவதும் செலவழிக்கும் ஆற்றலில் ஒரு பெரும் பங்கு குளிர்விப்பதற்குப் போகிறது, ஏசி விற்பனை ஏறும் வேகத்தில் இனி இன்னும் கூடும். எத்தனை டிகிரி இருந்தால் மனிதனுக்கு இதமாக இருக்கும் என்ற கேள்விக்கு விடை சொன்னவர் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர். 1970-இல் அவர் வெளியிட்ட சமன்பாடு, டென்மார்க், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 1,296 பேரை மூடிய அறையில் உட்காரவைத்து எடுத்த அளவுகளின் மேல் நின்றது. அருமையான அறிவியல் அது. ஆனால் உலகெங்கும் ஏசி வடிவமைப்புக்கு அதுவே அடிப்படையானபோது, சித்திரை வெயிலில் பிறந்து வளர்ந்த உடம்பும் கோபன்ஹேகன் மாணவரின் உடம்பும் ஒன்றாகவே எண்ணப்பட்டன. நம் அலுவலகங்களில் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சன்யோகிதா மனு, யஷ் சுக்லா, ராஜன் ராவல் முதலியோர் இதை நேரடியாகக் கேட்டே தெரிந்துகொள்ள முடிவு செய்தார்கள். அகமதாபாத், சென்னை, தில்லி, பெங்களூரு, சிம்லா. ஐந்து தட்பவெப்ப மண்டலங்களுக்கு ஐந்து நகரங்கள். 16 அலுவலகக் கட்டடங்கள், மூன்று பருவங்கள், 6,330 பதில்கள். ஊழியர் தம் மேசையில் வேலையில் இருக்கும்போது பக்கத்தில் கருவியை வைத்து வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை அளந்துகொண்டே ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேட்டார்கள். 2016-இல் வெளியான இந்த மாதிரிக்கு ஐமேக் என்று பெயர். அதன் சாரம் ஓர் எளிய வாய்ப்பாடு: ஜன்னல் திறந்து மின்விசிறி போட்டிருக்கும் கட்டடத்தில் இதமான வெப்பநிலை, கடந்த முப்பது நாள் வெளிவெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால் வருவது.

சென்னைக்குப் போட்டுப் பார்ப்போம். வெளிச் சராசரி 30 டிகிரி என்றால் இதமான அளவு 29. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏற்கும் எல்லை, அதற்கு மேலும் கீழும் 2.38 டிகிரி. ஆக, 31 டிகிரியைத் தாண்டினாலும் நம் மக்கள் ‘பரவாயில்லை, வேலை செய்யலாம்’ என்கிறார்கள். நம் அலுவலகங்களில் ஏசியை 22-இல் வைப்பது யாருடைய உடம்புக்காக? ஏசியில் ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. அந்த ஆறின் மடங்குகளை மனதில் ஓட்டிப் பாருங்கள்.

இந்த ஆய்வு அலமாரியில் தூங்கவில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவு. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் 2017 ஆற்றல் சேமிப்புக் கட்டட விதிகளிலும் ஐமேக் இடம்பெற்றது. அலுவலகங்களில் எடுத்த அளவு வீட்டுக்குப் பொருந்தாது. இரவில் தூங்குபவருக்கும் வயதானவருக்கும் கைக்குழந்தைக்கும் கணக்கு வேறு. அதனால்தான் குடியிருப்புகளுக்கான ஐமேக்-ஆர் பிறகு வந்தது. புழுக்கம் மிகுந்த கடலோரத்தில் மின்விசிறிக் காற்று இல்லாமல் 31 டிகிரியைத் தாங்க முடியாது என்பதையும் மறக்கக் கூடாது.

ஏசியைப் பற்றி யோசிக்கும் முன் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். சென்னை 13 டிகிரி வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. சுவரைவிடத் தளமே வெயிலை வாங்குகிறது. பகலெல்லாம் குடித்த சூட்டை மாலை ஆனதும் வீட்டுக்குள் விடுகிறது. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் இரவு பத்து மணிக்குக் கூரையைத் தொட்டுப் பார்த்தால் இது புரியும். ஐதராபாத் ஐஐஐடியும் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகமும் ஐதராபாத்திலேயே இரண்டு கட்டடங்களின் தளத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி அளந்தன. வெறும் கான்கிரீட் தளம் வெள்ளையானதும் ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு 13 முதல் 14 யூனிட் மின்சாரம் மிச்சம். குளிர்விக்கும் செலவில் 10 முதல் 19 விழுக்காடு. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக் கொள்கையை அறிவித்தது. ஒரு பல்கலைக்கழக அளவீடு அரசுக் கொள்கையாக மாறும் பாதை சில சமயம் இவ்வளவு நேராகவும் இருக்கிறது.

பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இதுவரை சொன்ன எதற்கும் வெளிநாட்டுத் தொழில்நுட்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் மண்ணை, நம் களிமண்ணை, நம் உடம்பின் வெயில் பழக்கத்தை இங்கேயே அளந்து, சிலவற்றில் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து, கண்டுபிடித்தவை இவை. குறை ஆய்வில் இல்லை. ஆய்வு முடிந்து கட்டுரை வெளியான பிறகு அது போய்ச் சேர வேண்டிய மூன்று இடங்களுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது: கல்லூரி வகுப்பறை, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல், கொத்தனாரின் கை.

விலைப்பட்டியலைப் பற்றி வெளியாட்களுக்கு அதிகம் தெரியாது. அரசுக் கட்டடத்துக்கு மதிப்பீடு போடும் பொறியாளர், ஆண்டுதோறும் வெளியாகும் அந்தப் பட்டியலில் இருக்கும் பொருளையும் வேலையையும் கொண்டுதான் கணக்கிடுவார். பட்டியலில் இல்லாத பொருளைப் போட வேண்டுமென்றால் தனி அனுமதி, தனி விலை ஆய்வு, பிறகு தணிக்கைக் கேள்விகள். நல்ல மனமுள்ள பொறியாளரும் பட்டியலில் இருக்கும் செங்கல்லையே எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புதிய பொருள் பட்டியலுக்குள் வரும்படி தரவு கொடுக்க வேண்டிய பொறுப்பு பல்கலைக்கழகங்களுக்கும் இருக்கிறது.

வகுப்பறையில் செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் மதிப்பீடு, விலைக்கணிப்பு என்று ஒரு பாடம் உண்டு. வீட்டு வரைபடத்தைக் கொடுத்தால் மாணவர் எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை கிலோ கம்பி என்று எழுதி, விலையால் பெருக்கி, மொத்தம் போடுவார். அந்தத் தாளில் இன்னும் ஒரே ஒரு பத்தி சேர்க்க வேண்டும். பொருளின் அளவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. கிலோவுக்கு இத்தனை மெகாஜூல், இத்தனை கிலோ கரியமில வாயு என்ற எண்ணால் பெருக்கினால் போதும். எண்களும் இருக்கின்றன. உலக வங்கிக் குழுமத்தின் பன்னாட்டு நிதிக் கழகம் 2017-இலேயே இந்தியக் கட்டுமானப் பொருள்களுக்கான தரவுத் தொகுப்பை வெளியிட்டது. தனிப் பாடமாக ‘பசுமைக் கட்டடம்’ என்று ஒரு விருப்பப் பாடத்தைக் கடைசிப் பருவத்தில் வைத்து, அதைப் பத்துப் பேர் எடுப்பதைவிட, எல்லாரும் கட்டாயம் எழுதும் இந்தத் தாளில் ஒரு பத்தி பல மடங்கு பயன் தரும். சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டதும் ரூபாயில் சொல்லும் பொறியாளர், கார்பனிலும் சொல்லப் பழகுவார்.

செயலாகக் கற்பதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. சோலார் டெகாத்லான் இந்தியா என்ற போட்டியைப் பெங்களூரின் இந்திய மனித வாழிட நிறுவனமும் ஆற்றல் திறன் கூட்டமைப்பு ஒன்றும் 2020 முதல் நடத்திவருகின்றன. கட்டடக்கலை மாணவரும் பொறியியல் மாணவரும் ஒரே அணியில் சேர்ந்து, உண்மையாகவே கட்டவிருக்கும் ஒருவரின் திட்டத்தை எடுத்து, ஓராண்டில் தான் பயன்படுத்தும் அளவு ஆற்றலைத் தானே தயாரிக்கும் கட்டடமாக வடிவமைக்க வேண்டும். முகப்பு வரைபவரும் தூண் வடிவமைப்பவரும் ஏசிக் குழாய் ஓட்டுபவரும் தனித்தனிக் கட்டடங்களில் படித்து, வேலைக்கு வந்த பிறகே முதன்முதலாகச் சந்திக்கும் நம் கல்வியில் இது பெரிய திருத்தம். ஜன்னலின் திசையையும் அளவையும் கட்டடக்கலைஞர் தீர்மானித்த பிறகு ஏசிப் பொறியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை.

ஆனால், இந்தியாவில் எழும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் கட்டடக்கலைஞர் பார்ப்பதே இல்லை. மேஸ்திரி பார்க்கிறார். சுவரின் தடிமனும் தளத்தின் கம்பியும் சிமென்ட் கலவையின் விகிதமும் அவர் சொல்வதுதான். புதுச்சேரியை ஒட்டி, விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் ஆரோவில் மண் கட்டட நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. சத்பிரேம் மைனி 1989-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில், கல்லூரி மாணவரும் அயல்நாட்டுக் கட்டடக்கலைஞரும் கையில் மண்ணோடு நின்று கல் அழுத்தவும், சாரமில்லாமல் மண் கல் வளைவு கட்டவும் பயிலலாம். அங்கே வடிவமைத்த ஆரம் அழுத்து இயந்திரங்கள் பல நாடுகளுக்குப் போயிருக்கின்றன. நம் தொழிற்பயிற்சி நிலையங்களின் கட்டுமானப் பிரிவு மாணவர்கள் வாரக்கணக்கில் அங்கே போய் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

எங்கே செய்தாலும் மண் வேலையின் முதல் பாடம் ஒன்றேதான். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். நேரான, வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் கால் பங்கு மண், மிச்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிட வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அதன் மேல் வண்டல் வந்து அமரும். களிமண் மட்டும் நீரைக் கலக்கிக்கொண்டே நின்று, இரவெல்லாம் எடுத்துக்கொண்டு இறங்கும். மறுநாள் காலை அளவுகோலை வைத்து மூன்று அடுக்கின் உயரத்தையும் எழுதிக்கொண்டால், அந்த மனையின் மண்ணுக்குச் சிமென்ட் வேண்டுமா, சுண்ணாம்பு வேண்டுமா, இன்னும் எத்தனை சட்டி மணல் வேண்டும் என்று மேஸ்திரியே சொல்லிவிடுவார்.